ஒரே குழியில் ஒன்பது மரம்

ஆல்டர் ஃபோர்க், மிச்சிகன்
1983 மே 15, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் வெய்கோவுக்கு,

நீ பதினெட்டு வயதில் நட்ட பைன் மரங்களில் பத்தொன்பதைப் போன வியாழக்கிழமை வெட்டிவிட்டோம். ரம்பம் என்னுடையது, லாரி என்னுடையது, ஆட்களும் என் ஆட்கள்தான். உனக்கும் உன் முகாம் கூட்டாளிகளுக்கும் மரியாதை செய்வதற்காகத்தான் வெட்டினோம்.

முதலில் நலம் விசாரித்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ என் கடிதங்களை முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறாய் என்று அண்ணி போன கிறிஸ்துமஸில் என் ஹில்யாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அதனால் சரக்கை முன்னால் வைத்துவிட்டேன். இனி விசாரிப்பு. இங்கே நாங்கள் சுகம். ஹில்யாவின் முதுகு பழையபடிதான். என் ரத்த அழுத்தம் டாக்டர் பயப்படுவதைவிடக் குறைவு, ஹில்யா பயப்படுவதைவிட மிகவும் குறைவு. ஏரியில் பனிக்கட்டி உடைந்து மூன்று வாரமாகிறது. உன் நுரையீரலும் அண்ணியின் முழங்காலும் அரிசோனா வெயிலில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அந்த முள்தூண் கள்ளியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ஓய்வு பெற்றதும் நீ ஏன் மரமே இல்லாத ஊராகப் பார்த்துக் குடிபோனாய் என்று நாலு வருஷமாக நான் யோசித்ததுண்டு. இந்த வாரம்தான் பதில் கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

இந்த வருஷத்தோடு முகாம்கள் தொடங்கி ஐம்பது வருஷம் ஆகிறது. வங்கிகள் மூடிக் கிடந்த காலத்தில் வேலையில்லாத பையன்களை அரசாங்கம் திரட்டி, பட்டாள உடுப்பு மாட்டி, வெட்டிப்போட்ட காட்டில் மறுபடி மரம் நட அனுப்பியதை நம் ஊர் கொண்டாட வேண்டும் என்று ஒரு கமிட்டி அமைந்தது. தலைவி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெர்னடீன் ட்ரஸ்காட் டீச்சர். ஆறாம் வகுப்பில் என்னை மூலையில் நிற்க வைத்தவள், எழுபத்திரண்டு வயதிலும் ஊரை மூலையில் நிற்க வைத்துக்கொண்டிருக்கிறாள். நினைவுக்கல் வேலை எனக்கு வந்தது. ஊரில் கல்லறைக் கல் வியாபாரி நான் ஒருத்தன்தான், அதனால் ஏலம் எடுக்கிற சிரமம் இல்லை. இதில் எனக்குப் பெரிய லாபம் கிடையாது. சின்ன லாபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

கல்லை எங்கே வைப்பது? அதில் பேச்சுக்கே இடமில்லை. முகாமுக்கு மேற்கே பாறைத் திட்டுக்குப் பக்கத்தில், ஒரே அடியிலிருந்து ஒன்பது பைன் மரம் விரித்த விரல் மாதிரி கிளம்பி அறுபது அடிக்கு நிற்கிறதே, அதன் காலடியில். நீ இந்த ஊரை விட்டுப் போனபின் அது பெரிய ஆளாகிவிட்டது. டீச்சர் அதற்கு 'ஒன்பது தோழர்கள்' என்று பேர் வைத்து இருபது வருஷமாகிறது. வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதைச் சுற்றிக் கைகோத்து நிற்க வைப்பாள். ஒன்பது பையன்கள், ஒன்பது கன்று, பிரிய மாட்டோம் என்று சபதம், ஒரே குழி. கதையைக் கேட்டால் கல்லும் கரையும். நான் கல்லையே விற்கிறவன், எனக்கே இரண்டு தடவை கைக்குட்டை தேவைப்பட்டது.

விழாவில் திரையை விலக்க உன்னைக் கூப்பிட்டோம். நம் ஊர் முகாம் ஆட்களில் உயிரோடு மிச்சம் இருப்பது நீயும் ஆர்மண்ட் லாமெரும்தான். உன்னிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. முன்னால் முள்செடி, பின்னால் மூன்று வரி. "வரமாட்டேன். என் பெயர் வேண்டாம். அந்த மரத்தைச் சும்மா விடுங்கள்." டீச்சர் அதைக் கமிட்டியில் வாசித்துவிட்டு, "எவ்வளவு அடக்கம்," என்றாள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கோபம். பதினாலு வருஷமாக நாம் நேரில் பார்க்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவன், அன்று மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டாய். எனக்கு ஐம்பத்தாறு, உனக்கு அறுபத்தைந்து. இன்னும் எத்தனை விழாவுக்கு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட முடியும்? கல் வியாபாரத்தில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு மறக்காது.

சரி, வியாழக்கிழமை. கிவேலா பண்ணையிலிருந்து மூன்று டன் உருண்டைப் பாறை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். அதன் முகத்தில் எழுத்துப் பலகையைப் பதிப்பது ஏற்பாடு. மே மாசத்தில் அந்தக் காட்டுப்பாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பனி உருகி மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழே கஞ்சி. ஆனால் கமிட்டியில், "ரூடியால் முடியுமா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி என்னை நிறைய இடத்தில் சம்பாதிக்க வைத்திருக்கிறது, இந்த ஒரு இடத்தில் கவிழ்த்துவிட்டது. அந்த ஒன்பது மரம் நிற்கிற மேட்டுக்கு நூறடி இருக்கும்போது லாரியின் பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது. இழுவைக் கம்பியை மாட்டி இழுத்தோம், லாரி வந்தது, கல் வரவில்லை. அது தன் பாட்டுக்குப் பின்பக்கமாக இறங்கி, சாவகாசமாக இரண்டு தடவை புரண்டு, மரவரிசையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கிளப்பிக் கொண்டுபோக வேண்டுமானால் நேராக ஒரு பாதை வேண்டும். பாதை வேண்டுமானால் மரம் போக வேண்டும். டீச்சர் குடையோடு வந்து மரத்துக்கு முன்னால் நின்று, பள்ளிப் பதிவேட்டில் இருக்கிற என் முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ருடால்ஃப், மரம் நட்டவங்களுக்குக் கல்லு வெக்க மரத்தை வெட்டுவியா நீ?"

"கல்லு பறக்காதுங்க டீச்சர்."

வனத்துறைப் பையன் டேல் வன்டூசர் பக்கத்தில் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும், நல்ல பையன், பேசினால் காதுவரை சிவந்துவிடுவான். அன்றைக்குச் சிவந்துகொண்டே பேசினான். "மேடம், இதை எட்டு வருஷமா நான் கேட்டுட்டிருக்கேன். நீங்கதான் ஒவ்வொரு தடவையும் தலைநகரத்துக்குப் புகார் எழுதினீங்க. இந்த மரங்க எல்லாம் ஆறடிக்கு ஒண்ணா நட்டது. இருபது வருஷத்துல பாதியை எடுத்திருக்கணும். நட்டவங்க அப்படி நினைச்சுத்தான் நட்டாங்க. இப்ப ஒண்ணை ஒண்ணு நெரிச்சிட்டு நிக்குது. இது கோயில் இல்லீங்க, கூட்டமான பஸ்ஸு."

டீச்சர் குடையை மடக்கினாள். அவள் மடக்கி நான் பார்த்ததில்லை. டேல் நீலச் சாயம் எடுத்துக்கொண்டு பத்தே நிமிஷத்தில் பத்தொன்பது மரத்துக்குப் புள்ளி வைத்தான், மிட்டாய்க் கடையில் தனியாக விட்ட குழந்தை மாதிரி. வெட்டினோம். அண்ணா, அந்தக் காட்டுக்குள் நீ கடைசியாக எப்போது நின்றாயோ தெரியாது. நண்பகலில்கூட உள்ளே சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். புல் கிடையாது, பறவை கிடையாது, பழுப்பு ஊசியிலை மெத்தை மட்டும். பத்தாவது மரம் சாய்ந்தபோது தரையில் வெயில் விழுந்தது. ஒரு மேஜை அளவு. ஆட்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூலி ஓடுகிற நேரம்தான், ஆனாலும் நானும் போய் நின்று பார்த்தேன். பிறகு கல்லுக்குக் கம்பி போட்டு இழுத்தோம். ஆறடி நகர்ந்து, மறுபடி இறங்கி, இந்தத் தடவை இடுப்புவரை புதைந்துவிட்டது. இனி அதை எடுக்க ஒரு கிரேன் வேண்டும், கிரேனை எடுக்க இன்னொரு கிரேன் வேண்டும். ஆகவே கல் எங்கே இருக்கிறதோ அதுதான் நினைவிடம் என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தப் பத்தொன்பது மரம் கல்லுக்காகப் போகவில்லை, அந்த மேஜை அளவு வெயிலுக்காகப் போனது என்று வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை எழுத்துப் பலகையைச் செதுக்க உட்கார்ந்தேன். செதுக்குவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களிடம் வாசகத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். ஒருமுறை ஒரு விதவை, புருஷன் பிறந்த வருஷம் தப்பு என்று சொல்லிப் பாதிப் பணம் கொடுத்தாள், அதிலிருந்து வந்த வழக்கம். நீ கையெழுத்துப் போடமாட்டாய். அதனால் ஆர்மண்டிடம் போனேன். ஓடையில் ஸ்மெல்ட் மீன் ஏறுகிற பருவம். வாசலில் வாளி நிறைய விரல் நீள மீனை வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் தலை நறுக்கிக்கொண்டிருந்தான். நான் வாசித்தேன். "ஒன்பது தோழர்கள் கைகோத்து, என்றும் பிரியோம் என்று சபதம் செய்து, தங்கள் நட்பை ஒரே குழியில் நட்ட இடம்."

கத்தரிக்கோல் நின்றது. "யாருடா சபதம் பண்ணா?"

"நீங்கதான். ஒம்போது பேரு."

"ஒம்போது பேரு எங்கேருந்துடா வந்தாங்க? நானும் உங்க அண்ணனும் ரெண்டே பேரு. நான் கடப்பாரை, அவன் கன்னு. சபதமெல்லாம் பண்ணலை. ஓடினோம்."

"எங்க ஓடினீங்க?"

"லாரி பிடிக்க."

அப்புறம் மீனை நறுக்கிக்கொண்டே முழுதும் சொன்னான். 1936 மே மாசம், அன்னையர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை. முப்பது மைலுக்குள் வீடு இருக்கிற பையன்கள் போய்வரலாம், லாரி நாலு மணிக்குக் கிளம்பும், ஆனால் ஒரு ஜோடிக்கு ஆயிரம் கன்று என்ற அன்றைய கணக்கு முடியாமல் யாரும் ஏறக்கூடாது. மூன்றேமுக்காலுக்கு உங்கள் கையில் ஒரு கட்டு மிச்சம், ஐம்பது கன்று. லாரிக்காரன் என்ஜினைப் போட்டுவிட்டான். "உங்க அண்ணன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். கடப்பாரையால ஒரு பெரிய குழி போட்டேன். கட்டைப் பிரிக்கக்கூட இல்லை, கயித்தோட அப்படியே எறக்கி, மண்ணைத் தள்ளி, நாலு மிதி. பாறைத் திட்டு பக்கத்துல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஓடும்போது அந்தத் திட்டுல கால் இடிச்சு நகம் பேந்துபோச்சு."

"ஐம்பதுமா ஒரே குழியில?"

"ஐம்பதும். ஒம்போது பொழைச்சிருக்கு பாரு. கெட்டிக்காரப் பசங்க." தன் மீனைத் தானே பாராட்டுகிற மாதிரி சொன்னான். பிறகு குரலை இறக்கி, "கூத்து அதுக்கப்புறம்தான். திங்கக்கிழமை சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில 'வாரத்தின் சிறந்த ஜோடி'ன்னு எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டாங்க. ஆயிரத்தையும் நேரத்துக்கு முடிச்சது நாங்கதானாம். ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை எக்ஸ்ட்ரா. நான் தின்னேன். உங்க அண்ணன் தொடலை. அதையும் நான்தான் தின்னேன். அவன் மேஸ்திரிகிட்டப் போய் பேரை அழிக்கச் சொன்னான், ஏன்னு சொல்லலை. அந்தாளு, 'எவ்வளவு அடக்கம்'னுட்டுப் போயிட்டான்," என்றான்.

அண்ணா, நான் அந்த வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கார்த் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் கதவு பரிசோதகனாக இருந்து, ஒரு நூலிழை இடைவெளி என்றாலும் திருப்பி அனுப்பி, உன் பகுதி ஆட்கள் உன்னை முதுகுக்குப் பின்னால் 'பாதிரியார்' என்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். அது உன் சுபாவம் என்று நினைத்திருந்தேன். மரத்துக்குப் பயந்து பாலைவனத்துக்குப் போனவன், நுரையீரலுக்காக என்று சொல்லியிருந்தாய். ஒரு கட்டுக் கன்றா? நான் விற்ற பழைய டிராக்டர்களைப் பற்றி உனக்குச் சொல்ல ஆரம்பித்தால் நீ இந்தத் தபாலைத் தொடமாட்டாய்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயது. அப்பா சுரங்கத்தில் செத்து இரண்டு வருஷம். உன் சம்பளம் மாதம் முப்பது டாலர், அதில் இருபத்தைந்தை உன் கையில்கூடக் காட்டாமல் அரசாங்கம் நேரே அம்மாவுக்கு அனுப்பியது, அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம், என் கால் பூட்ஸும் அதில்தான். நீ வருகிறாய் என்று யாருக்கும் தெரியாது. அம்மா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நீ முகாம் உடுப்போடு வந்து நின்றாய், கையில் ஒரு டின் பீச் பழம். அம்மா உன் மேல்கையை அமுக்கிப் பார்த்து, "சதை பிடிச்சிருக்கு," என்றாள். நம் அம்மா அவ்வளவுதான் பேசுவாள். ஆனால் அதற்கப்புறம் சாகும்வரை, கடையில் பீச் டின்னைப் பார்த்தால் நின்று, தொட்டுவிட்டுத்தான் நகருவாள். நான் அவளைக் கடைக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். எதற்கென்று நான் கேட்டதில்லை, உனக்கு எழுதியதும் இல்லை. அது என் தப்பு.

நான் ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். முப்பது வருஷமாகக் கல்லில் பொய் செதுக்கி விற்கிறவன் நான். பெண்டாட்டியை மூக்கில் குத்தினவனுக்கு 'அன்பே உருவான கணவர்' என்று போட்டிருக்கிறேன். ஊர்ப் பணத்தோடு ஓடிப்போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவனுக்கு 'நேர்மையே மூச்சாக வாழ்ந்தவர்' என்று போட்டிருக்கிறேன். எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பொய்க்கு எழுத்து அதிகம் பிடிக்கும், அதனால் எனக்கு ஆதாயம். உண்மை சிக்கனமானது. பெயர், வந்த வருஷம், போன வருஷம், முடிந்தது. ஆனால் அந்தப் பலகைக்கு நான் உளியை எடுத்தபோது கை ஓடவில்லை. பட்டினி கிடந்த பையன்கள் தினம் ஆயிரம் குழி போட்டு, இந்த மாகாணத்தையே மறுபடி பச்சையாக்கி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மாவைப் பார்க்க ஓடினார்கள். இதற்கு மேல் சபதம் எதற்கு? இந்த ஒரு கல்லிலாவது நடந்தது இருக்கட்டும் என்று தோன்றியது. எனக்கு இப்படியெல்லாம் தோன்றுவது அபூர்வம், அதனால் அது ஆறுவதற்குள் டீச்சரிடம் போனேன்.

அவள் வீட்டு மேஜையில் விழா மலர் நானூறு பிரதி அடுக்கியிருந்தது. அட்டையில் கைகோத்த ஒன்பது பையன்கள், ஓவியம் அவளே போட்டது. நான் நின்றுகொண்டே முழுதும் சொன்னேன். ஐம்பத்தாறு வயதிலும் அவள் உட்காரச் சொன்னால்தான் உட்கார முடிகிறது.

"ஆக, இருபது வருஷமா நான் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லியிருக்கேன்," என்றாள்.

"தெரியாம சொன்னீங்க டீச்சர்."

"தெரிஞ்சு சொன்னேன் ருடால்ஃப். யாருகிட்டயும் நான் கேக்கவே இல்லையே. ஆர்மண்ட் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான். கேட்டிருந்தா கெட்டுப்போயிருக்கும்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கு." கொஞ்ச நேரம் மலரின் அட்டையைப் பார்த்தாள். "உங்க அண்ணன் லாரியைப் பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"உங்கம்மாவைப் பாத்தானா?"

"பாத்தான். பீச் பழம் கொண்டாந்தான்."

சிவப்புப் பென்சிலை எடுத்தாள். என் உடம்பு தானாக நிமிர்ந்தது. என் தாளிலிருந்த தோழர்கள், கைகோத்தல், சபதம், நட்பு எல்லாவற்றிலும் ஒரே கோடு இழுத்தாள். கீழே எழுதினாள். "இந்த மேட்டில் முகாம் பையன்கள் மரம் நட்டார்கள். குழிக்கு ஒன்றாக நட்டார்கள், ஒரு சனிக்கிழமை தவிர." இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "முந்தினதைவிட இது சுருக்கமாவும் இருக்கு," என்றாள். எழுத்துக் கணக்கில் எனக்கு நஷ்டம்தான், ஆனாலும் நேற்றே செதுக்கிவிட்டேன். உன் பெயர் போடவில்லை. ஆர்மண்ட் தன் பெயரைப் போடச் சொன்னான், அதையும் போடவில்லை.

ஆனால் டீச்சர் இலவசமாக விடுகிறவள் அல்ல. "மிச்சம் நாப்பத்தொண்ணு எங்க?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "ஐம்பது கன்னு, ஒம்போது பொழைச்சுது. நாப்பத்தொண்ணு அவன் நடலை. வந்து நடட்டும்," என்றாள். டேலைக் கேட்டேன். குளிர்கிடங்கில் அதே ஜாதிக் கன்று இருக்கிறதாம், ஜூன் முதல் வாரம் தாண்டினால் நட்டாலும் பிடிக்காதாம். நாங்கள் வெட்டின சந்தில் நிழல் அதிகம், அதனால் முகாமின் சாப்பாட்டுக் கூடம் இருந்த திடலில் நடலாம் என்றான். அங்கே புகைபோக்கி ஒன்று மட்டும்தான் நிற்கிறது, நாள் முழுக்க வெயில்.

ஆகவே பேசி முடித்தது இது. விழா ஜூன் 4, சனிக்கிழமை. நீ மூன்றாம் தேதி வருகிறாய். திரையை நீ விலக்க வேண்டாம், அதை ஆர்மண்ட் செய்வான், அவன் புதுச் சட்டை வாங்கிவிட்டான். பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமையை ஐந்து நிமிஷம் நீ சொல்ல வேண்டும், டீச்சர் கடிகாரம் வைத்திருப்பாள். பிறகு நாற்பத்தொரு கன்று. வரும்போது என் செலவில் விமான டிக்கெட், இத்துடன் வைத்திருக்கிறேன். திரும்பிப் போகும் டிக்கெட் நாற்பத்தொன்றும் மண்ணில் நின்றபிறகு கொடுக்கப்படும். அன்று மாலை நீராவி அறை சூடாக இருக்கும், ஹில்யா ஏலக்காய் ரொட்டி சுடுகிறாள், வெட்டின மரத்தில் உனக்கென்று ஒரு பெஞ்சு அடித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் ஆடுகிறது. பரிசோதித்துக் குறை எழுதிக் கொடு.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். உன் மூச்சு சீராகவும் உன் காலை எழுந்திருப்பது சுலபமாகவும் இருக்க ஹில்யா ஞாயிறுதோறும் கோயிலில் வேண்டிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்கிறேன். ஊரில் உன்னை ஞாபகம் வைத்திருப்பவர்கள் எல்லாருடைய விசாரிப்பும் இதில் அடக்கம், இரண்டு பேர்தான், அவர்கள் யார் யாரென்று மேலே எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி,
ரூடி ஹாவிஸ்டோ

பின்குறிப்பு: திங்கட்கிழமை. உறை ஒட்டுகிற நேரத்தில் டேல் கடைக்குள் வந்தான், பின்னாலேயே ஆர்மண்ட். மரத்தை வெட்டாமல் வயது பார்க்க டேலிடம் ஒரு துளைக்கருவி இருக்கிறது, பென்சில் கனத்துக்கு மரத்தின் உள்சதையை உருவிக் கொண்டுவரும். விழாவுக்காக அந்த ஒன்பதிலும் உருவியிருக்கிறான். என் கல்லாமேஜையில் பரப்பி, நாங்கள் வெட்டின அடிமரத் துண்டுகளோடு வளையத்தை ஒப்பிட்டான். இரண்டு வளையம் குறைகிறது. நான் என் கண்ணாடியைப் போட்டு மூன்று தடவை எண்ணினேன், இரண்டுதான் குறைகிறது. முப்பத்தாறில் நட்டுச் செத்துப்போன இடங்களில் முப்பத்தெட்டில் மறுபடி நட்டதாகப் பழைய பதிவேட்டில் இருக்கிறதாம். நீ முப்பத்தேழிலேயே முகாமை விட்டு வந்துவிட்டாய். அந்த ஒன்பது மரம் உன்னுடையது அல்ல, அண்ணா. உன் ஐம்பதும் செத்துவிட்டது. காலியான அதே இடத்தில் வேறு யாரோ இரண்டு பையன்கள் வந்து, தாங்களும் ஒரு கட்டை அப்படியே இறக்கிவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகாம் காட்டிலும் இந்த மாதிரி இரண்டு மூன்று கொத்து உண்டு என்கிறான் டேல். ஆர்மண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நம்மளுது ஒண்ணுகூடப் பொழைக்கலையா?" என்று கேட்டான். பிறகு பல்செட் கழன்று விழும்வரை சிரித்தான். டீச்சரிடம் சொன்னேன். கல்லை மாற்ற வேண்டாமாம், உன் சனிக்கிழமை நடந்தது நடந்ததுதானாம். எண்ணிக்கையை மட்டும் திருத்தச் சொன்னாள். ஆகவே மேலே நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஐம்பது கன்று. குழிக்கு ஒன்று, ஆறடி இடைவெளி, கடப்பாரை ஆர்மண்ட், கன்று நீ. மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை.